ஆளுக்கொரு சேதி

வெள்ளிமுடி எஸ்டேட்,
மூணாறு வழி.
12 ஜனவரி 2025

முனியாண்டி துணை

அன்புத் தம்பி மாரீஸ்வரனுக்கு அக்கா முருகேஸ்வரி எழுதுவது. நானும் என் மூட்டுவலியும் இங்கே சௌக்கியம். நீ, கற்பகம், அஜய் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? முதலமடையில் மா பூத்துவிட்டதா? இங்கே உறைபனி விழுந்து மேல்காட்டுக் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது.

அப்பாவைப் புதைத்த அன்று, உன்னோடு கீழே வர மாட்டேன் என்று நான் சொன்னதும், குழிமண்ணைக் கையில் அள்ளி, "நீ இந்த மலைய விட்டு எறங்குற வரைக்கும் ஒங்கிட்ட வாய் தொறந்து பேச மாட்டேன்" என்று சத்தியம் செய்தாயே, ஆறு வருடம் ஓடிவிட்டது. நீயும் பேசவில்லை, நானும் இறங்கவில்லை. எழுதக் கூடாது என்று நீ சொல்லாததால் நமக்குள் இந்தக் காகிதமாவது ஓடுகிறது. தபால் போய்ச்சேர ஒரு வாரம் ஆகிறது, பரவாயில்லை. உன் மகனுக்கு உன் அளவு ரோஷம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் "அத்தே, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுகிறான். இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை அல்லவா.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிக்காரன் போட்டுவிட்டு ஓடிய டீ பாக்டரியை நாங்களே சங்கம் வைத்து ஓட்டுவதும், எஸ்டேட்டைத் தான் வாங்கிவிட்டதாக ஒரு பத்திரத்தைக் காட்டி உன் முதலாளி ஈஸ்வரமூர்த்தி ரிசார்ட் கட்ட நிற்பதும் நீ அறிந்ததுதான். வழக்கு கோர்ட்டில் கிடக்கிறது. அதற்குள் கார்த்திகையில் அவருடைய ஆட்கள் வந்து கேட்டை உடைத்தார்கள். தடுத்த வாட்ச்மேனின் முன்பல் இரண்டும் போயிற்று. பயந்தவர்கள் கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு கீழே இறங்கலாம் என்கிறார்கள். சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

பெரட்டுக்களத்தில் காலையில் என்ன நடக்கும்? கங்காணி பெயர் கூப்பிடுவார், வேலை சொல்வார், நாம் தலையை ஆட்டுவோம். மூன்று தலைமுறையாக அந்தக் களத்தில் நம் வாய் திறந்ததில்லை. அதைத் திருப்பிப் போட்டேன். பொங்கல் கழித்து வாராவாரம் எல்லோரும் களத்தில் உட்கார வேண்டும். ஆளுக்கொரு சேதி சொல்ல வேண்டும், தனக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத சேதி. யோசனை சொல்லக் கூடாது. யார் சொன்னது என்று வெளியே பேசக் கூடாது. எல்லாச் சேதியையும் ஒன்றாகச் சேர்த்து, அடுத்த பத்து வருடத்துக்குச் சங்கம் என்ன செய்வது என்று முடிவெடுப்போம். பாய்லர்காரர் ஆறுமுகசாமி அண்ணன் சிரிக்கிறார். "முருகேசு, நம்மாளுக வாயத் தொறந்தா மூட மாட்டாகளே!" என்கிறார்.

கற்பகத்தை வெயிலில் அலையவிடாதே. பதில் போடு.

உன் அக்கா,
முருகேஸ்வரி


முதலமடை,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி மாரீஸ்வரன் எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். மூட்டுக்குத் தைலம் அஜயிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மலைக்கு வரும்போது தருவான்.

மா இந்த வருடம் ஒரே சீராகப் பூக்கவில்லை. முதலாளிக்கு அதனால் கண்மண் தெரியாத கோபம். போன வாரம் பூவுக்கு மருந்தடிக்க வந்த ஒருவன் மருந்தைத் திருடி விற்றான் என்று மரத்தில் கட்டிவைத்து மாங்காய் பறிக்கிற துறட்டிக் கம்பால் அடித்தார். தோட்டத்து மேஸ்திரி நான்தான். கயிறு என் கையில்தான் இருந்தது. அவனுக்கு முட்டிக்குக் கீழே சதை பிய்ந்து தொங்கியது. கடைசியில் மருந்து பம்புசெட் அறையிலேயே இருந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே, "செரி உடு, இனி எவனும் திருட மாட்டான்" என்றார். நானும் சிரித்தேன் அக்கா.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ யாரோடு மோதுகிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும். களத்தில் உட்கார்ந்து எல்லோரும் எல்லாவற்றையும் சொல்வது எதற்கு? தெரிந்தது தெரிந்தவனோடு இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டினால் பிறகு அள்ள முடியாது.

அஜய் லாரியை விட்டுவிட்டு முதலாளியின் ஜீப்பை ஓட்டுகிறான். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
மாரீஸ்வரன்


வெள்ளிமுடி எஸ்டேட்,
2 மார்ச் 2025

முனியாண்டி துணை

அன்புத் தம்பிக்கு. உன் சுகம் அறிந்து சந்தோஷம். தைலம் வந்தது. அஜயே கொண்டுவந்து கொடுத்தான். வரும்போது முனியாண்டி வளைவில் வண்டியை மெதுவாக்கி இரண்டு தரம் ஹாரன் அடித்தான், அடுப்படியில் இருந்த எனக்கே கேட்டது. நான் பழக்கியது மறக்கவில்லை. சாமிக்குச் சொல்லாமல் அந்த வளைவைத் தாண்டினால் காதைத் திருகுவேன் என்று சின்னதில் மிரட்டி வைத்திருக்கிறேனே.

நீ பயந்தது ஒரு வகையில் நடந்தது. இரண்டாவது கூட்டத்தில், நம் ஆட்களே பச்சைக் கொழுந்தை வெளி வியாபாரிக்குத் திருட்டுத்தனமாக விற்கிறார்கள் என்று ஒரு சேதி வந்தது. சொன்னவனின் மண்டையில் ஸ்டூல் இறங்கியது. அடித்தவனைப் பெண்கள் சேர்ந்து மிதித்தார்கள். களமெல்லாம் ரத்தம். நான் நடுவில் விழுந்து கத்தியதில் எனக்கும் தோளில் ஒரு குத்து. இனி யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். மறுவாரம் மண்டையில் கட்டுப் போட்டவனும் வந்தான், அடித்தவனும் வந்தான். அன்றுதான் சங்கத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வந்தது.

என்னென்ன சேதி தெரியுமா? உறைபனிக்குப் பிறகு மேல்காட்டில் துளிர்க்கிற முதல் கொழுந்து தனி வாசனை என்று சின்னத்தாய் சொன்னாள், ஆறுமுகசாமி அண்ணனின் பெண்சாதி. அந்த வாசனை ஏன் தூளில் நிற்பதில்லை என்றால், சூட்டை அவசரமாக ஏற்றுகிறோம் என்று அண்ணன் சொன்னார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்து இரண்டு பேரும் இதைப் பேசிக்கொண்டதில்லை! உச்சிப்பாறையில் சூரியன் பார்க்க வருகிறவர்கள் நல்ல டீ கிடைக்குமா என்று கேட்டு அலைகிறார்கள் என்று ஜீப் ஓட்டுகிற பையன்கள் சொன்னார்கள். மூன்றையும் சேர்த்தோம். மேல்காட்டுக் கொழுந்தைத் தனியாக, மெதுவாக உலர்த்தி எடுத்து, உச்சிப்பாறையில் நாமே கடை போட்டு விற்பது. முதல் தூள் வந்துவிட்டது. உனக்கு ஒரு பொட்டலம் அஜயிடம் கொடுத்தேன். குடித்துப் பார்த்துச் சொல்.

உச்சிப்பாறையில்தான் உன் முதலாளி ரிசார்ட் கட்ட நினைக்கிறார். அது எனக்கும் தெரியும். இருக்கட்டும்.

அன்புடன்,
முருகேஸ்வரி


முதலமடை,
15 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு. இங்கே சுகம். உன் தோள்வலி குறைந்ததா? டீ குடித்தோம். நன்றாக இருந்தது. கற்பகம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

முதலாளி பொட்டலத்தைப் பார்த்துவிட்டார். முகர்ந்தார். "ஏம்ப்பா மாரீசு, உங்கக்கா கெட்டிக்காரிதான். இதையெல்லாம் எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே மேனேஜராப் போட்டிருப்பனே" என்றார். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். இருபதாம் தேதி வியாழக்கிழமை பாக்டரியில் யாரும் இருக்க வேண்டாம். எல்லோரையும் கொழுந்துக் காட்டுக்கு அனுப்பிவிடு. நீயும் போ. கோடை காலம், பழைய கட்டிடம், தீப்பிடிக்கிற சாமான்கள் இருக்கிற இடம். வேறு ஒன்றும் இல்லை. இதை அவசியம் செய்.

தம்பி,
மாரீஸ்வரன்


வெள்ளிமுடி எஸ்டேட்,
30 மார்ச் 2025

தம்பி மாரீஸ்வரனுக்கு. நான் உயிரோடு இருக்கிறேன். நீங்கள் அங்கே நலமாக இருப்பீர்கள்.

வியாழக்கிழமை பாக்டரியில் யாரும் இருக்க வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் சனிக்கிழமை வந்தது. ஆறுமுகசாமி அண்ணனைப் புதைத்துவிட்டு வந்து, குளித்த ஈரத்தோடு வாசலில் நின்று வாங்கினேன்.

நாங்கள் எல்லோரும் காட்டில்தான் இருந்தோம். நீ சொல்லாமலே. கொழுந்து சீசன். அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் அண்ணன் மட்டும் உள்ளே இருந்தார். மத்தியான வெயிலில் உன் முதலாளியின் ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கொழுந்து வாட்டுகிற மாடியில் டீசலை ஊற்றினார்கள். அண்ணன் ஓடிவந்து தடுத்திருக்கிறார். இரும்புக் கம்பியால் இரண்டு முழங்காலையும் உடைத்துவிட்டுத் தீயை வைத்தார்கள். கால் இருந்திருந்தால் மனுஷன் ஓடி வந்திருப்பார். புகையைப் பார்த்து நாங்கள் இறங்கி வருவதற்குள் மாடிக் கூரை அவர் மேல் விழுந்துவிட்டது. அவர் கத்தியது காடு முழுக்கக் கேட்டது. சின்னத்தாய் தீக்குள் ஓடப் பார்த்தாள். அவளைத் தரையில் போட்டு மேலே உட்கார்ந்து பிடித்தவள் நான். என் கையைக் கடித்துவிட்டாள். அந்தப் பல் தடம் இன்னும் ஆறவில்லை.

நீ அந்தச் சத்தியத்தை ஒரே ஒரு நிமிடம் முறித்து எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? காகிதம் வந்துசேர ஒரு வாரம் ஆகும் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினாயா? சொன்னேன் என்றும் இருக்க வேண்டும், சொல்லாமலும் இருக்க வேண்டும், அப்படித்தானே? என்ன தம்பி நீ? என்ன மனுஷன் நீ?

இன்னொன்று. தீ வைத்துவிட்டுத் திரும்பிப்போன ஜீப், முனியாண்டி வளைவில் மெதுவாகி இரண்டு தரம் ஹாரன் அடித்தது. காட்டில் நின்ற அத்தனை பேரும் கேட்டோம். வெளியூர்க்காரன் எவனும் அங்கே ஹாரன் அடிக்க மாட்டான், மலையில் பிறந்தவன்தான் அடிப்பான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை அஜய் எங்கே இருந்தான்?

முருகேஸ்வரி


முதலமடை,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு. நாங்கள் சுகம். ஆறுமுகசாமி அண்ணன் காலமான செய்தி மிகவும் வருத்தம். சின்னத்தாய் அண்ணிக்கு என் ஆறுதலைச் சொல்லவும்.

இந்தப் பக்கம் அறுவடை மும்முரம். மார்ச் இருபதாம் தேதி அஜய் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் பக்கம் லோடு விஷயமாக நின்றிருந்தான். பங்கனபள்ளி ஒரு லாரி, செந்தூரம் ஒரு லாரி. அன்று நல்ல வெயில். டயர் ஒன்று பஞ்சர்.

உங்கள் பாக்டரி விஷயமாகப் பிடிபட்டவர்கள் ஜாமீனில் வந்துவிட்டார்கள். முதலாளி தோப்பில் கிடா வெட்டிச் சோறு போட்டார். மாலைகூடப் போட்டார்கள். என்னைப் பரிமாறச் சொன்னார். பரிமாறினேன்.

அஜய்க்குத்தான் உடம்பு சரியில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. கற்பகம் அடுப்பு பற்றவைத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். நீ போன் எடுப்பதில்லையாமே. ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

அந்த விஷயத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம் அக்கா. மாத்திரை ஒழுங்காகப் போடு.

தம்பி,
மாரீஸ்வரன்


வெள்ளிமுடி எஸ்டேட்,
1 ஜூன் 2025

முனியாண்டி துணை

தம்பிக்கு. சுகம். அங்கே சுகமா?

நீ பஞ்சரான டயரைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தாய். படித்தேன்.

பாக்டரி சுவர்கள் மட்டும் நிற்கின்றன. சங்கம் கலைந்துவிடும் என்று உன் முதலாளி எதிர்பார்த்திருப்பார். நாங்கள் மறுபடி களத்தில் உட்கார்ந்தோம். கூட்டம் வேண்டும் என்று கேட்டவள் சின்னத்தாய். அதே சட்டம். ஆளுக்கொரு சேதி, யோசனை சொல்லக் கூடாது, யார் சொன்னது என்று பேசக் கூடாது. எதிர்காலம் பற்றித்தான் பேச்சு. இந்தத் தடவை சாலை.

முனியாண்டி வளைவுக்கு மேலே பட்டுப்போன கிராண்டிஸ் மரம் ஒன்று ஒற்றை வேரில் நிற்கிறது, கயிறு கட்டி நாலு பேர் இழுத்தாலே வந்துவிடும் என்று ஒரு சேதி. வளைவில் இருந்த தடுப்புச்சுவர் போன மழையில் பெயர்ந்து பள்ளத்தில் கிடக்கிறது என்று ஒரு சேதி. ஆனியில் மத்தியானத்துக்கு மேல் அந்த இடத்தில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது என்று இன்னொன்று. மற்ற வண்டிகள் சர்ரென்று போய்விடும், மலையில் பிறந்தவன் ஓட்டுகிற வண்டி மட்டும் அங்கே மெதுவாகும், ஹாரன் அடிக்கும் என்று ஒருவர். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சேதியாகச் சேர்த்துக்கொண்டோம்.

யாரும் சத்தம் போடவில்லை. சண்டை இல்லை. இப்படி ஒரு அமைதியான கூட்டம் இதுவரை நடந்ததில்லை. மரத்தை எப்போது சாய்ப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. அதற்கு ஒரு சேதி குறைகிறது.

எல்லோரும் சொல்லி முடித்து என்னைப் பார்த்தார்கள். "முருகேசு, நீ ஒண்ணுமே சொல்லலியே?" என்று சின்னத்தாய் கேட்டாள். என் கையில் அவள் பல் தடம். எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

முருகேஸ்வரி


முதலமடை,
26 ஜூன் 2025

என் அன்புள்ள அக்காவுக்குத் தம்பி மாரீஸ்வரன் ஆசையோடு எழுதுவது. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு மீன்குளத்தி அம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன். சாலை வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய், நல்ல காரியம். அந்த வளைவு சின்ன வயதிலிருந்தே எனக்குப் பயம்.

சந்தோஷமான சேதி. அஜய்க்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. பெண் கோவிந்தாபுரத்துக்காரி, பெயர் யோகப்பிரியா, நர்ஸ் படிப்பு. ஆவணியில் முகூர்த்தம். பெண் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றும்போது அஜய் எல்லோர் முன்னாலும், "எங்க அத்தை வராம பந்தக்கால் நடக்கூடாது" என்று சொல்லிவிட்டான். கற்பகமும் அதையே பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, அண்ணி வந்தாத்தானுங்க நம்மூட்டுல விசேஷம். நீங்க சத்தியத்தைக் கட்டிட்டு அழுங்க, நா போயிக் கூட்டியாரேன்" என்கிறாள்.

அக்கா, நீ மலையை விட்டு இறங்கினால் பேசுவேன் என்றுதானே சொன்னேன். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு இறங்கி வா. சத்தியமும் காப்பாற்றப்படும், நம் பேச்சும் திரும்பும். ஆறு வருடமாக உன்னிடம் சொல்ல வேண்டியதெல்லாம் சேர்ந்து கிடக்கிறது. எழுத முடியாதது நிறைய இருக்கிறது.

முதல் பத்திரிகை உனக்குத்தான். தபாலில் போட அஜய் விடவில்லை. ஜூலை 11 வெள்ளிக்கிழமை முதலாளி சர்வேக்காரர்களோடு அங்கே வருகிறார், அஜய்தான் ஜீப் ஓட்டுகிறான். மத்தியானத்துக்கு மேல் வந்து சேருவார்கள். பத்திரிகையைத் தன் கையால் கொடுத்து உன் காலில் விழ வேண்டும் என்கிறான். விழுந்து ஒன்று சொல்ல வேண்டுமாம். என்னவென்று நான் கேட்கவில்லை. நீ கேள். திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் ஒரு வாய் சோறு போட்டு அனுப்பு.

உன் வரவை எதிர்பார்க்கும் தம்பி,
மாரீஸ்வரன்


வெள்ளிமுடி எஸ்டேட்,
8 ஜூலை 2025, செவ்வாய்க்கிழமை

தம்பிக்கு.

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணச் சேதி படித்தேன். பெண் பெயர் நன்றாக இருக்கிறது.

நேற்றுக் கூட்டத்தில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த சேதியை நானும் சொல்லிவிட்டேன்.

அஜயை வெள்ளிக்கிழமை அனுப்பாதே. காய்ச்சல் என்று சொல். கால் உடைந்தது என்று சொல். வேறு எவனாவது ஓட்டட்டும். வேறு எவனாவது ஓட்டினால் வண்டி அங்கே நிற்காமல் போய்விடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. காரணம் கேட்காதே. அனுப்பாதே.

இப்போதே தபால்பெட்டியில் போடுகிறேன்.

முருகேஸ்வரி


முதலமடை,
21 ஜூலை 2025

முருகேஸ்வரிக்கு.

உன் கடிதம் 14ஆம் தேதி திங்கட்கிழமை வந்தது. அஜய்க்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து, வாசலில் நின்று வாங்கினேன்.

முதலாளி வண்டியில் இல்லை. மறையூரில் சாப்பிட இறங்கினார்கள். அஜய் அவரிடம் கெஞ்சியிருக்கிறான். "நீங்க சாப்புட்டு சர்வேக்காரங்க கார்ல வாங்க, நா முன்னால போயி எங்க அத்தையைத் தனியாப் பாத்துப்போட்டு வந்தர்றேன்" என்று. கும்பிட்டுக் கேட்டானாம். முதலாளியே என்னிடம் சொன்னார், சொல்லிவிட்டு அழுதார். அவர் உயிரோடு, சுகமாக இருக்கிறார். பின்னால் அவர் ஏறி வந்த காருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மரம் முன்கண்ணாடியின் மேல் விழுந்து ஸ்டியரிங்கோடு சேர்த்து அவன் நெஞ்சை அமுக்கிவிட்டது. அப்படியே பள்ளத்தில் உருண்டிருக்கிறது. ஒரு கை ஹாரனில் மாட்டிக்கொண்டது. பாட்டரி தீரும் வரை ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததாம். உன் அடுப்படிக்குக் கேட்டிருக்கும். எடுக்கும்போது சட்டைப்பைக்குள் பத்திரிகை இருந்தது. உன் பெயர் எழுதிய இடம் மட்டும் படிக்க முடிகிறது.

மழையில் மரம் விழுந்தது என்று போலீஸ் எழுதிக்கொண்டது. நானும் கையெழுத்துப் போட்டேன். உன் கடிதத்தை அவர்களிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். நீ சாலை என்று எழுதினாய், நானும் சாலை என்றே படித்தேன். வெள்ளிக்கிழமை என்று நான் எழுதினேன், நீ சேதி என்று படித்தாய். மார்ச் மாதத்து ஜீப்பை ஓட்டியது அவன்தான். நில அளவைக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். தீயைப் பார்த்த பிறகு வண்டியை எடுக்காவிட்டால் கழுத்தில் அரிவாள். அதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தான்.

காரியத்துக்கு நீ வரவில்லை. கற்பகம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கும் சொல்லிவிட்டேன். இறங்கி வா, பேசலாம் என்று எழுதியிருந்தேனே, அதை அடித்துவிடு. இனி நீ இறங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் போனைப் போலீஸ்காரர் கொடுத்தார். உன் நம்பர் 'அத்தை' என்று முதலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை உடுமலையில் இருந்து ஒரு தரம், சின்னாறு செக்போஸ்ட்டில் இருந்து ஒரு தரம், மறையூரில் சாப்பிடாமல் கிளம்பும்போது ஒரு தரம் உன்னைக் கூப்பிட்டிருக்கிறான். மணி அடித்திருக்கிறது. நீ எடுக்கவில்லை. எடுத்து, "திரும்பிப் போலே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா என்று மார்ச் மாதம் என்னைக் கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. என் வாயில் அப்பாவின் குழிமண்ணில் செய்த சத்தியம் இருந்தது. அது கேடுகெட்ட காரணம், ஆனாலும் ஒரு காரணம்.

சத்தியம் செய்தது நான். நீ இல்லை. உன் வாயில் என்ன இருந்தது அக்கா?

மாரீஸ்வரன்